மடித்து வைத்த மருந்துச் சீட்டு

வியாபார நிமித்தம் கேமரன் மலைக்குப் போய் வருகிறவர்கள் நம்மில் பலர். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் ரிங்லெட்டைத் தாண்டித் தானா ராத்தாவை அடையும்போது, இரு பக்கமும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலைத் தோட்டங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் சென்று கண்டதால் அவர் பெயர் பெற்ற மலை இது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து கிள்ளவும் கவாத்து வெட்டவும் தமிழ்மக்கள் வந்தனர். இன்று அந்த வேலைகளில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். ஆனால் தோட்டம் இருந்த இடமெல்லாம் அரிசியும் மிளகாயும் துணியும் கொண்டுபோய்க் கடை வைத்தவர்களின் வாரிசுகள், கடை வைத்த ஊரைச் சுலபத்தில் விடுவதில்லை.

அம்மலைமேல் ஒரு கடையில் நிகழ்ந்ததைச் சொல்லித்தான் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குள் புகவேண்டும். கடையின் பெயரும் கடைக்காரர் பெயரும் இங்கே தேவையில்லை. ஐம்பத்தாறு வயதானவர், நமக்கு மூத்தவர், நாம் அவரை நானா என்று அழைப்போம், அவர் நம்மைத் தம்பி என்பார். பழைய பில் ஒன்றைத் தேடிக் கல்லாப்பெட்டியைக் கிளறியபோது, நாலாக மடித்த காகிதம் ஒன்று வெளியே விழுந்தது. எடுத்துக் கொடுத்தோம். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு. தேதி எட்டு மாதத்துக்கு முந்தியது. அவர் முகம் சிவந்துவிட்டது. சட்டென்று வாங்கி மறுபடியும் கல்லாவின் அடியில் செருகினார்.

இஷாத் தொழுகைக்குப் பின், குளிருக்கு இதமாகத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவராகவே வாய் திறந்தார். "ஆண்மைத் தளர்ச்சி தம்பி. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு கலியாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த இரவு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார், இருதயத்தைச் சோதிக்கவேண்டும் என்றும் சொன்னார். எந்த முகத்தோடு போவது?"

நேயர்களே! இப்படிப்பட்ட பொருளை நம் சங்க ஏட்டில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதாமல் இருந்ததனால் யாருக்கு நன்மை விளைந்தது என்று அவர்களை நாம் திருப்பிக் கேட்போம். நம் கேள்வி இதுதான்: நோய் கண்ட ஒருவன், அதற்கு வழி சொல்லப்பட்ட பின்னும், அவ்வழியில் நடவாமல் இருப்பது குற்றமா? அது அவன் சொந்த விஷயமா? அன்றி, பிறர்க்கும் அதில் பங்கு உண்டா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைவோம். இந்த நோய் ஏதோ நூற்றில் ஒருவருக்கு வருவது என்றே பலரும் நினைத்துத் தம்மைத் தாமே தனிமைப்படுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்களிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 1994-இல் வெளியாயிற்று. 40 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்களில் 52 விழுக்காட்டினருக்குச் சிறிதாகவோ பெரிதாகவோ இக்குறை இருந்ததென அது கூறிற்று. அதாவது இருவரில் ஒருவர்! சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் பன்மடங்கு. நம் மலேசியாவிலோ 2019-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. கணக்குத் தெரிந்த வியாபாரிகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? ஜும்ஆவில் தோளோடு தோள் உரசி நிற்கும் வரிசையில் எத்தனை பேர் இதே பாரத்தைச் சுமந்து நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் தாம் ஒருவரே என்று எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள், பரிதாபம் அதுதான்.

இரண்டாவது தப்பெண்ணம், இது ஆண்மையின் குற்றம் என்பது. உண்மையில் இது பெரும்பாலும் இரத்தக் குழாயின் நோய். ஆசை எழும்போது நரம்பு வழியே செய்தி போகிறது, நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருள் சுரந்து குழாயின் சுவரைத் தளர்த்துகிறது, இரத்தம் பாய்கிறது. உடலுக்குள் இப்பொருள் செய்யும் வேலையைக் கண்டு சொன்ன மூன்று அறிஞர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான், முதலில் நெஞ்சு வலிக்கென ஆராயப்பட்ட சில்டெனாஃபில் என்ற மருந்து, வயாகரா என்ற பெயரோடு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நெஞ்சுக்கும் இதற்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் 3, 4 மில்லிமீட்டர் அகலம். ஆணுறுப்புக்குச் செல்லும் குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான். கொழுப்புப் படியத் தொடங்கினால் சிறிய வாய்க்கால்தானே முதலில் அடைபடும்? ஆகவேதான், இத்தளர்ச்சி சிலருக்கு மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வந்து கதவைத் தட்டுகிறது என மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கடன்காரன் வாசலுக்கு வருமுன் வரும் நோட்டீசைப் போன்றது இது. நோட்டீசை மடித்துக் கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

இனி, ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று பார்ப்போம். நீதி சொல்லப் புகுமுன் நியாயத்தைக் கேட்டாக வேண்டும்.

நீண்ட நாள் நோய்களுக்கு மருத்துவர் சொற்படி நடப்பவர்கள், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் ஓர் அறிக்கையில் தெரிவித்தது. ஆகவே இது நம்மவர் மட்டும் செய்யும் பிழையன்று. ஆனால் இந்த நோயில் விட்டுவிடுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு.

ஒன்று, மருந்தை உண்ணும் முறை தெரியாமை. சில்டெனாஃபில் மாத்திரையைச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாகக் கொள்ளவேண்டும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் கொண்டால் அது வேலை செய்யத் தாமதமாகும், வீரியமும் குறையும். நம் நானா பிரியாணிக்குப் பின் போட்டுக்கொண்டு, மருந்து பொய் என்றார்! மேலும் அது ஆசையை உண்டாக்கும் மருந்தன்று. ஆசை எழுந்தால் உடல் ஒத்துழைக்கத் துணை செய்யும் மருந்து. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

இரண்டு, பொறுமையின்மை. ஒரு தரம் பலிக்காவிட்டால் மருந்தே பலிக்காது என்பதல்ல. சரியான முறையில் பல தடவை பார்த்த பின்னரே மருத்துவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். வேறு சிகிச்சைகளும் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிய செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மொட்டையாக, பட்டுப்போனதுபோல நிற்கும். தோட்டக்காரன் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறானா? தளிர் விடும் என்று காத்திருக்கிறான். செடியிடம் காட்டும் பொறுமையை மனிதன் தன் உடலிடம் காட்டுவதில்லை.

மூன்று, பழியை மாற்றிப் போடுதல். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரைகள் சிலவற்றால் இக்குறை வருவதும் கூடுவதும் உண்டு. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள், யாரிடமும் சொல்லாமல் அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேறு மாத்திரை தருவார். சொல்ல வெட்கப்பட்டு, பக்கவாதத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

நான்கு, பெரியது: வெட்கம். கூட்டம் நிறைந்த கிளினிக்கில், பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, தன் மகன் வயதுள்ள டாக்டரிடம், தனக்குச் சரளமாக வராத மொழியில், இரண்டு நிமிடத்துக்குள் இதைச் சொல்லவேண்டும். இது எளிய காரியம் என்று நாம் சொல்லமாட்டோம். நோயாளியை முழுதும் பேசவிடாமல் சீட்டெழுதி அனுப்பும் மருத்துவரும் இதில் பொறுப்பாளிதான். மருந்தின் விலையும் எல்லார்க்கும் கட்டுபடியாவதில்லை.

ஆயினும் வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்கம் நமக்குப் பெருமை என்றே சிறு வயதிலிருந்து கற்றோம். அது உண்மை. ஆனால் எந்த வெட்கம்? அளவுப் படியைக் குறைக்கக் கை நீளும்போது கையைப் பிடித்து நிறுத்துகிறதே, அது வெட்கம். பிறர் பொருளைத் தொடாமலும் பிறர் பெண்ணைப் பாராமலும் நம்மைக் காக்கிறதே, அது வெட்கம். நோயைச் சொல்லவிடாமல் தடுத்து, மனைவியிடம் எரிந்து விழவைத்து, தனி அறையில் படுக்கவைத்து, கடைசியில் மாரடைப்புவரை கொண்டுபோய் விடுவது வெட்கமன்று, வீம்பு. வெட்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த வீம்பு. முன்னது பாவத்திலிருந்து காக்கிறது. பின்னது குணமாவதிலிருந்து காக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது தகாது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். "வயதாயிற்று, இறைவன் விட்ட வழி" என்பது ஒன்று. நல்லது. அப்படியானால் கடைக்கு ஏன் பூட்டுப் போடுகிறோம்? சரக்குக்கு ஏன் இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம்? ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட வழியன்று. மருந்து தேடுவது நம் கடமை. குணம் தருவது அவன் கையில்.

மற்றொரு மறுப்பு வலுவானது. "இது என் உடல். மருந்து உண்பதும் விடுவதும் என் இஷ்டம். டாக்டர் சொன்னால் நான் கட்டுப்பட்டவனா?" இதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. மருத்துவர் சொன்ன அனைத்தையும் கைகட்டிக் கேட்கவேண்டும் என்று எந்த நீதியும் சொல்லவில்லை. தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு போன்ற தொல்லைகளைப் பார்த்து, இந்த மாத்திரை வேண்டாம் என்று ஒருவர் கருதலாம். கணவனும் மனைவியும் கலந்து பேசி, நமக்குள்ள அன்பே போதும் என்று அமைதி கொள்ளலாம். அதை யார் குறை கூற முடியும்? ஆனால் அது ஒரு முடிவு. தெரிந்து, ஆராய்ந்து, உரியவர்களிடம் சொல்லி எடுத்த முடிவு. நம் நானா எடுத்தது முடிவா? இல்லை. அவர் கைவிட்டார். முடிவு வேறு, கைவிடல் வேறு. கடையை மூடுவது என்று தீர்மானித்து, கடன் கொடுத்து, பாக்கி வசூலித்து, ஐந்தொகை போட்டு மூடுகிறவனும், ஒருநாள் சாவியை எறிந்துவிட்டுப் போகிறவனும் ஒன்றாவார்களா?

மேலும், இது அவர் ஒருவருடைய உடல் மட்டுந்தானா? உடல் நமக்குக் கொடுக்கப்பட்ட அமானிதம், உடைமையன்று. அதில் மனைவிக்கு உரிமை உண்டு. அவர் உழைப்பை நம்பியுள்ள பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. எட்டு மாதமாக அவ்வீட்டு அம்மையார் என்ன நினைத்திருப்பார்? தம்மை வெறுத்துவிட்டார் என்றா? வேறிடம் போகிறார் என்றா? சொல்லப்படாத நோய் சந்தேகமாக மாறி வீட்டுக்குள் உலாவுகிறது. கூட்டு வியாபாரத்தில் நஷ்டத்தைப் பங்காளியிடம் மறைப்பது மோசடி என்போம். இல்லறம் கூட்டு வியாபாரத்தினும் மேலானதன்றோ?

ஆகவே நம் தீர்ப்பு இது: குணமாகாமை குற்றமன்று. மருந்து பிடிக்காமல் மறுப்பதும் குற்றமன்று. யாருக்கும் சொல்லாமல், கேட்காமல், சோதிக்காமல் மடித்து வைத்துவிடுவதுதான் தவறு.

இதுவரை நோயாளியைப் பற்றிச் சொன்னோம். இனி வியாபாரிகளாகிய நம்மைப் பற்றிச் சொல்லவேண்டும். இதுதான் சொல்லக் கசப்பானது.

டாக்டரை விட்டவர் சும்மா இருப்பதில்லை. அதே நானாவின் கடை அலமாரியில், தொங்காட் அலிக் காப்பி என்றும் ஆண்மைக்கு அற்புதம் என்றும் பெயர் போட்ட பொட்டலங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவரும் குடித்தார், மற்றவருக்கும் விற்றார். மூலிகையை நாம் பழிக்கவில்லை. மூலிகை என்ற பெயரில் உள்ளே வேறு சரக்கு இருப்பதைத்தான் சொல்கிறோம். 2017-இல், மலேசியாவிலிருந்து போன அத்தகைய காப்பித் தூள் ஒன்றில் சில்டெனாஃபிலைப் போன்ற மருந்து இரகசியமாகக் கலந்திருந்ததாக அமெரிக்காவில் கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர் இதை அறியாமல் குடித்தால், இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் எழுதும்போது "நெஞ்சுவலி மாத்திரை உண்டா?" என்று கேட்பார். பொட்டலம் கேட்குமா?

இதைவிடக் கொடிய நிகழ்ச்சி நம் பக்கத்து வீடான சிங்கப்பூரில் நடந்தது. 2008-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து அரசாங்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆராய்ந்தபோது, கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை மாத்திரைச் சரக்கு கலந்திருந்தது தெரியவந்தது. அவர்களில் 7 பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், நால்வர் மாண்டனர். அந்த மருந்துகளை வாங்கியவர்களெல்லாம் வெட்கத்தால் டாக்டரிடம் போகாதவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெட்கப்படுகிறவனிடந்தான் கள்ளச் சரக்கு சுலபமாக விலைபோகும். ஏமாந்தாலும் அவன் வெளியே சொல்லமாட்டான் அல்லவா?

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், ஆண்மைச் சக்தியைப் பெருக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பதிவு பெற்ற மருந்துகளில் மால் என்று தொடங்கும் எண் இருக்கும். சில்டெனாஃபில் போன்றவற்றை மளிகைக் கடையில் விற்க எவருக்கும் அனுமதியில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சரக்கின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் எப்படிக் கருதுகிறது என்பதை வியாபாரிக்கு நாம் சொல்லித் தரவேண்டுமா? உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத சரக்கை, "நல்ல சரக்கு, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லி விற்பது எந்தக் கணக்கில் சேரும்?

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளாவிட்டால் நாம் எழுதியதெல்லாம் வெறும் உபதேசமாகும். அன்று மலையிலிருந்து இறங்கி வந்து நம் சொந்தக் கடை அலமாரியைப் பார்த்தோம். அங்கும் அதே பொட்டலங்கள் இரண்டு சரம் தொங்கின. ஏஜெண்டு போட்டுவிட்டுப் போனது. நல்ல இலாபம் வைத்த சரக்கு. எண்ணைத் தேடினோம், இல்லை. அத்தனையையும் எடுத்து அப்புறப்படுத்தினோம். நஷ்டம் கொஞ்சம் வெள்ளிதான். அதுவரை விற்றவை யார் வயிற்றுக்குள் போயினவோ, அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்றுதான் இன்றும் தெரியவில்லை.

செய்யவேண்டியவை பல இல்லை. குறை கண்டவர் மனைவியிடம் சொல்லட்டும். கூடுமானால் இருவருமாகவே டாக்டரிடம் போகட்டும். சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, இருதயம் ஆகியவற்றைச் சோதிக்கட்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளிக் கட்டணத்தில் டாக்டரைப் பார்க்கலாம் அல்லவா? தாம் உண்ணும் மற்ற மருந்துகளை மறைக்காமல் சொல்லட்டும். எழுதிய மருந்தை எப்போது, எப்படி, எத்தனை தடவை என்று கேட்டறியட்டும். பலிக்காவிட்டால் திரும்பப் போகட்டும். புகையை விடட்டும், சீனி கொட்டிய தே தாரிக்கைக் குறைக்கட்டும், நடக்கட்டும். இத்தாலியில் 2004-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், உடல் பருத்து இக்குறையுள்ள 55 பேர், உணவைக் குறைத்து உடற்பயிற்சி செய்துவந்தனர். இரண்டே ஆண்டுகளில் 17 பேர் மருந்தின் துணையின்றியே பழைய நிலைக்குத் திரும்பினர். பொது அறிவுரை மட்டும் பெற்ற மற்ற 55 பேரில் அப்படித் திரும்பியவர் 3 பேரே.

மறுமுறை மலைக்குப் போனபோது நானாவின் கடைக்குச் சென்றோம். அலமாரியில் பொட்டலங்களைக் காணவில்லை. நாம் ஒன்றும் கேட்கவில்லை, அவரே சொன்னார். "நானும் உன் ராத்தாவும் போய் வந்தோம் தம்பி. இருதயத்தில் கொஞ்சம் கோளாறு இருக்கிறதாம், நல்ல வேளை இப்போதே வந்தீர்கள் என்றார் டாக்டர். மற்ற மாத்திரையை இப்போதைக்கு வேண்டாம், நெஞ்சைச் சரிசெய்த பின் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்."

"ராத்தா என்ன சொன்னார்?" என்று கேட்டோம்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை எட்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக்கூடாதா என்று அழுதாள்" என்றார்.

நேயர்களே! நம்மில் எத்தனை கல்லாப்பெட்டிகளின் அடியில் மடித்த சீட்டுகள் கிடக்கின்றனவோ நாமறியோம். இன்றிரவு கடை அடைக்குமுன், கணக்கு முடித்த கையோடு, அதையும் ஒருமுறை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வல்ல நாயன் நம் அனைவர்க்கும் உடல் நலமும், உண்மை பேசும் துணிவும் தந்தருள்வானாக! ஆமீன்.